கிணற்றுக்கு ஒரு மூடி

சிசிலி, 2023 மார்ச் 12

அன்புள்ள றோய் அண்ணைக்கு,

தங்கச்சி லவீனா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நாங்கள் இங்கே சுகம். உங்களுக்கும் மக்டலீன் மச்சாளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று பூசைக்குப் போகும் நாளெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். காதுக் கருவியைப் போட்டால் இரைச்சல்தான் கேட்கிறதென்று கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டீர்களாம். மச்சாள் சொன்னா. ஷெல் விழுந்து ஒரு காது முழுதாகவும் மற்றது பாதியும் போய்விட்டன, இனி அவற்றை வருத்தி என்ன? உங்களுக்குக் கடிதம்தான் சரி. எனக்கும் இனிமேல் கடிதம்தான், ஏனென்றால் நாங்கள் வந்திருக்கிற இடத்தில் போன் வேலை செய்யாது.

ஓம் அண்ணை, பலேர்மோவை விட்டு வந்துவிட்டோம். முப்பது வருஷம் இருந்த நாலாம் மாடி வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்தாகிவிட்டது. இது பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம் தள்ளி, மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே சனம் விட்டுப்போன வீடுகள் பல இருக்கின்றன. திருத்தி அதிலேயே குடியிருப்போம் என்று கையெழுத்து வைப்பவர்களுக்கு ஊர்ச்சபை அவற்றைக் கொடுக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே தோட்டக்காணிக்குள் நிற்கிற ஒரு கல்வீடு. அடுத்த வருஷம் செப்டெம்பர் முடிவதற்குள் வேலை முடிய வேண்டும். அவர்கள் வந்து பார்த்துச் சரியென்று எழுதினால் வீடு எங்களுக்கு. இல்லாவிட்டால் திரும்ப அவர்களுக்கே.

கீழே இரண்டு அறை, முன்னர் கோவேறு கழுதை கட்டிய ஒரு கொட்டில், மேலே ஒரு அறை. கூரையில் பாதி உள்ளே விழுந்து கிடக்கிறது. சுவருக்குள்ளிருந்து ஒரு அத்திமரம் வளர்ந்து யன்னலால் தலையை நீட்டுகிறது. முற்றத்தில் ஒரு கிணறு, நல்ல தண்ணீர். சுற்றிவர ஒலிவ் மரங்கள். இப்போதைக்குக் கொட்டிலைக் கழுவி அதற்குள் படுக்கிறோம்.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் சுவரைத் தட்டிப் பார்த்தேன் அண்ணை, அது நல்ல சுவர். இரண்டடிக்கு மேல் தடிப்பு. உங்களைத்தான் நினைத்தேன். பூச்சுக்குச் சீமெந்து பாவிக்கலாமா? அத்திமரத்தை என்ன செய்வது? எழுதுங்கள்.

இவருக்குப் பட்டணத்துக் காற்று ஒத்துவரவில்லை. அதனால்தான் வந்தோம். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
லவீனா


குருநகர், உயிர்த்த ஞாயிறு, 2023

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் பெரிய வியாழனன்று கிடைத்தது. நாங்கள் சுகம். மக்டலீனுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. அம்மாவின் இருபதாம் ஆண்டுப் பூசையைப் போன மாதம் ஒப்புக்கொடுத்தோம். உன் பெயரும் மச்சான் பெயரும் வாசித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. நீ அனுப்பிய படத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கோவிலடியில் எல்லோருக்கும் காட்டினேன். "உது வீடோ, இடிஞ்ச கோட்டையோ?" என்று கேட்டார்கள். "என்ரை தங்கச்சி கட்டப்போற வீடு" என்றேன்.

சீமெந்தைத் தொடாதே. இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது, இங்கே உடைந்த பழைய முருகைக்கல் வீடுகளுக்கு நானே சீமெந்து பூசினேன். கெதியாக முடிய வேண்டும் என்ற அவசரம். நாலு மாரி கழிய எல்லாம் பாளம் பாளமாகக் கழன்றது. உள்ளே இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரையே தின்றுவிட்டது. பழைய சுவர் மூச்சு விடும். அதற்குச் சுண்ணாம்புதான். நீற்றி இரண்டு மூன்று கிழமை தண்ணீருக்குள் வை. உடைந்த கூரை ஓடுகளை இடித்து மாவாக்கி அதோடு சேர். மழைக்கு இளகாது.

அத்திமரத்தை இழுக்காதே, சுவரும் சேர்ந்து வரும். முதலில் கொப்பை வெட்டு. பிறகு வேர் போன பக்கம் கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றி, இலக்கம் எழுதி நிலத்தில் அதே வரிசையில் அடுக்கு. வேரை எடுத்துவிட்டு அதே கல்லை அதே இடத்தில் வை. தூக்குக்குண்டு இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதே. எல்லாம் பின்பக்கத்தில் கீறியிருக்கிறேன்.

இந்த வயதில் இப்படி ஒரு காரியத்தைத் தொடுவதற்கு எனக்குத் துணிவு வந்திராது. உனக்கு வந்திருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். முந்தி நீ எழுதும் கடிதத்தின் அடியில் உன் மனிசன் கனிசியஸ் இரண்டு வரி கிறுக்காமல் விடமாட்டான். இந்த முறை காணவில்லை. ஒரே வள்ளத்தில் போன கூட்டாளிக்கு இரண்டு வரி எழுத நேரமில்லையாமோ?

அன்புடன்,
றோய்


சிசிலி, 2023 ஜூன் 20

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதமும் கீறிய படங்களும் பத்திரமாக வந்தன. சுகமாயிருக்கிறோம். வெயில்தான், நம்ம ஊர் சித்திரை தோற்றுவிடும். மச்சாளின் முழங்காலுக்கு இங்கே ஒரு எண்ணெய் இருக்கிறது, கிறிஸ்ரினாவிடம் சொல்லி அனுப்புவிக்கிறேன். மகளுக்கு ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் வேலை, வந்து போக நேரமில்லை.

அத்திமரம் போய்விட்டது! நூற்றுப் பதினேழு கல் கழற்றினேன். ஒவ்வொன்றிலும் கரியால் இலக்கம் எழுதி முற்றத்தில் அடுக்கினேன். திரும்ப வைத்து முடிக்க ஒரு மாதம். கடைசிக் கல் அதன் குழியில் போய் இருந்தபோது வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன். நூலை விட்டு ஒரு கல்லும் விலகவில்லை.

பக்கத்துக் காணியில் சல்வத்தோரே என்று ஒரு மனிசன் இருக்கிறார். எழுபது வயது, மனைவி இல்லை, நாற்பது செம்மறியும் இரண்டு நாயும். முதல் மாதம் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். நான் ஓடு இடித்துச் சுண்ணாம்பில் கலக்கிற நாளன்று உள்ளே வந்தார். மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "உனக்கு இதை ஆர் சொன்னது? என்ரை அப்பா இப்படித்தான் செய்தவர்" என்று கேட்டார். "என்ரை அண்ணை, கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறார்" என்றேன். அடுத்த நாள், தன்னுடைய விழுந்த பட்டியின் பழைய ஓடுகளை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். எங்கள் பீலி ஓடு மாதிரியே வளைந்தவை. கூரை முழுவதுக்கும் காணும்.

நானும் இவரும் நாள் முழுக்க வேலைதான். இவர் கல் சுமக்கிறதில் கெட்டிக்காரர். தோள் இன்னும் அப்படியே இருக்கிறது.

உங்கள் முறைப்பாட்டைச் சொன்னேன். சிரித்துவிட்டு, கடதாசியை வாங்கிப் பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறார். நான் பார்க்கவில்லை, பஸ் வரப்போகிறது, அப்படியே ஒட்டித் தபாலில் போடுகிறேன்.

உங்கள் லவீனா

(பின்பக்கத்தில்)

றோய், நாளைக்கு விடிய வெளிக்கிட வேணும். பீற்றரண்ணையிட்டையும் சொல்லிவிடு. வலை பொத்தி முடிஞ்சுது. உன்ரை அம்மாவுக்குக் காய்ச்சல் சுகமோ? வரேக்கை மீன் கொண்டுவாறன் எண்டு சொல்லு. – கனிசியஸ்


குருநகர், 2023 செப்டெம்பர் 3

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. கோவிக்காதே. சுகக்கேடு ஒன்றுமில்லை. சில இடங்களுக்குப் போய்ச் சில விஷயங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. மக்டலீன் சுகம். உன் எண்ணெய் வந்தது, வேலை செய்கிறதென்று சொல்கிறாள்.

நூற்றுப் பதினேழு கல்! கடலை விட்டபிறகு முப்பத்தைந்து வருஷம் மேசன் வேலை செய்தவன் சொல்கிறேன், அந்தப் பொறுமை என்னிடம் இல்லை. என்னோடு நின்று வேலை செய்தவர்கள் ஒருவரிடமும் இருந்ததில்லை.

இனி உள்வேலை தொடங்கப்போகிறாய். ஒரு மேசனுடைய யோசனைகளாக இவற்றை எடுத்துக்கொள்.

முதலாவது, கிணற்றுக்கு மூடி போடு. இரும்புக் கம்பியில் செய்து பூட்டுப் போட்டு, திறப்பை உன் கழுத்தில் தொங்கவிடு. மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

வாசற்படிகளை எடுத்துவிடு. அறைக்கு அறை நிலம் ஒரே மட்டமாக இருக்கட்டும், கால் தடக்கக்கூடாது. மேலறைக்குப் போகும் படிக்கட்டின் அடியில் ஒரு கதவு வை. கொண்டி கதவின் மேல் விளிம்பில் இருக்கட்டும், கண்ணுக்கு நேரே வேண்டாம். மலசலகூடக் கதவுக்கு நீலம் அடி. வேறு எந்தக் கதவுக்கும் அந்த நிறத்தை அடிக்காதே. குசினி யன்னலைப் பெருப்பித்து, சமைத்துக்கொண்டே முற்றம் முழுவதையும் பார்க்கக்கூடியதாகச் செய்.

முற்றத்தைச் சுற்றி நெஞ்சளவு உயரத்தில் ஒரு மதில் கட்டு. மதிலின் உட்பக்கத்தால் ஒரு நடைபாதை. அதில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் வீட்டு வாசலுக்கே வந்து சேர வேண்டும்.

ஏனென்று கேட்காமல் செய்.

இதோடு ஒரு துண்டு இருக்கிறது. அது கனிசியஸுக்கு. அவன் கையில் கொடு.

அன்புடன்,
றோய்

(துண்டு)

கனிசியஸ், பீற்றரண்ணையிட்டைச் சொல்லிவிட்டன். ரெண்டு நாளைக்குக் காற்றுச் சரியில்லையாம், பொறுக்கட்டாம். நீ ஆறுதலாய்ச் சாப்பிட்டிட்டுப் படு. வள்ளத்தை நான் பார்த்துக்கொள்ளுறன். அம்மா சுகமாய் இருக்கிறா. – றோய்


சிசிலி, 2023 நவம்பர் 5

என் அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாயிருக்கிறோம் என்று வழக்கம்போல எழுதத் தொடங்கினேன். எழுதிவிட்டு வெட்டினேன். நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். அது ஒன்றுதான் இன்றைக்கு உண்மையாக எழுதக்கூடிய முதல் வரி.

கிணற்றுக்கு ஏன் மூடி போடச் சொன்னீர்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. கடிதத்தோடு குசினி நிலத்தில் இருந்து அழுதேன். இவர் எழுதிய வரிகளை நான் பார்த்திருந்தால் அந்தக் கடிதத்தை அனுப்பியிருக்க மாட்டேன்.

அண்ணை, நாலு வருஷமாகிறது. பலேர்மோச் சந்தையில் மீன் இறக்குகிற இடத்துக்கு இருபது வருஷமாகப் போய்வந்த மனிசன், ஒரு நாள் திரும்பி வர வழி தெரியாமல் பொலிசோடு வந்தார். எனக்கு அப்போதே தெரிந்தது. நான் இந்த நாட்டில் பார்த்த வேலை என்ன? இப்படி நினைவு போன வயதுபோனவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திப் பார்க்கிற வேலை. ஐந்து பேரை அடக்கம் வரைக்கும் பார்த்தேன். வைத்தியர் சொல்வதற்கு முதலே, அடுத்து என்ன வருமென்று எனக்குப் பாடம்.

நாலாம் மாடியில் கதவைப் பூட்டி வைத்தால் கதவில் அடித்து அழுதார். திறந்துவிட்டால் தெருவில் காணாமல் போனார். பூட்டாமல் வைத்திருக்கக்கூடிய ஒரு இடம் வேண்டும் என்று தேடித்தான் இந்த வீட்டை எடுத்தேன். காற்று ஒத்துவரவில்லை என்றது பொய். கிறிஸ்ரினாவையும் வாய் திறக்க வேண்டாமென்று சொல்லிவைத்தேன்.

ஏன் உங்களுக்கு ஒளித்தேன்? குருநகரில் இவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. எந்தக் காற்றிலும் கரை பிடிக்கிற கனிசியஸ். "அவனுக்கு மண்டை கழண்டு போச்சாம்" என்று கோவிலடியில் கதைப்பார்கள். அது இவருக்குக் கேட்காது. உங்களுக்கும் கேட்காது. ஆனால் எனக்கு இங்கே இருந்தும் கேட்கும்.

கூட வள்ளத்தில் போன பீற்றரண்ணை கடலோடு போய் எத்தனை வருஷம்? அம்மா போய் இருபது. நான் இவருக்கு ஒவ்வொரு நாளும் "அவர்கள் செத்துப்போச்சினம்" என்று உண்மையைச் சொல்லி, ஒவ்வொரு நாளும் புதிதாக அழவைத்தேன். உங்கள் துண்டை வாசித்துக் காட்டினேன். "அப்ப சரி, காற்று அடங்கட்டும்" என்று சொல்லி, சாப்பாட்டுக் கோப்பையில் போட்டதை எல்லாம் சாப்பிட்டார். இப்போது அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கசங்கிப் போனால் நான் பார்த்து எழுதிக் கொடுக்கிறேன்.

கூரை முடிந்துவிட்டது. மரங்களைச் சல்வத்தோரே டிராக்டரால் தூக்கினார். ஓடு முழுவதும் நான் அடுக்கியது. போன கிழமை பெருமழை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிணறு பூட்டியாகிவிட்டது. திறப்பு என் கழுத்தில், சிலுவையோடு.

உங்கள் லவீனா


குருநகர், 2023 டிசம்பர் 2

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கண்டேன். மக்டலீனுக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன். அவள் உடனே எழும்பிப்போய் மெழுகுதிரி கொளுத்தினாள். வேறொருவருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம்.

நீயாகச் சொல்லும்வரை கேட்பதில்லை என்று இருந்தேன். அந்த இரண்டு மாதமும் கன்னியர் நடத்துகிற முதியோர் இல்லத்துக்கு மூன்று தரம் போனேன். தலைவிச் சிஸ்ரர், "ஐயா, ஆரைச் சேர்க்கப்போறியள்?" என்று கேட்டா. "ஒருத்தரையும் இல்லை சிஸ்ரர், உங்கடை கதவுகளைப் பார்க்க வந்தனான்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு விஷயத்தைச் சொன்னதும் ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினா. நீலக் கதவு, மேல் கொண்டி, சுற்றி வருகிற பாதை எல்லாம் அவ சொல்லித் தந்தவை. உண்மையைச் சொல்லி அழவைக்க வேண்டாம் என்பதும் அவ சொன்னதுதான்.

நான் என் வாழ்நாளில் நூறு வீட்டுக்கு மேல் கட்டியிருப்பேன். எல்லாம் அளவு பார்த்துக் கட்டியவை. ஒரு மனிசனுடைய மறதிக்கு அளவெடுத்து ஒருவரும் வீடு கட்டியதை நான் காணவில்லை. நீ கட்டுகிறாய். வேறென்ன எழுத? மதிலுக்கு அத்திவாரம் ஒன்றரை அடி தோண்டு, மலைச்சரிவில் குறைக்காதே.

கனிசியஸுக்கு இன்னொரு துண்டு வைத்திருக்கிறேன். நத்தாருக்கு எல்லோரும் கரையில் நிற்கவேண்டும், ஒருவரும் கடலுக்குப் போகக்கூடாதென்று சுவாமி சொன்னதாக.

அன்புடன்,
றோய்


சிசிலி, 2024 ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுக்கும் மச்சாளுக்கும் உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் கிடைக்கட்டும். என் எழுத்துக் கோணலாயிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

மாசி முழுக்க மழை. மதில் பாதியில் நின்றது. மார்ச் பத்தொன்பதாம் திகதி, சூசையப்பர் திருநாள், காலைப் பூசையால் வந்து கோப்பி வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்தேன். இவரைக் காணவில்லை. மதில் இன்னும் வராத பக்கத்தால் இறங்கிவிட்டார். கூப்பிட்டுக்கொண்டு சரிவில் ஓடினேன். சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் ஓடிக் கத்தினேன்.

அண்ணை, அன்றைக்குத் திருநாள் விருந்துக்கு மேசை போட்டிருந்த சனம் அப்படியே எழும்பி வந்தது. பேக்கரிக்காரன், பாடசாலை ஆசிரியை, பாதர் எல்லோரும் மலை முழுக்கப் பரந்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்குச் சல்வத்தோரேயின் நாய்கள் கண்டுபிடித்தன. கீழே, மழைநீர் வடிந்துபோன ஓடையில், சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு கல்லின் மேல் இருந்தாராம். "தண்ணி ஏறட்டும், வள்ளம் தள்ளலாம்" என்று நான் போனபோதும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். சல்வத்தோரே ஒன்றும் விளங்காமல் பக்கத்தில் இருந்து தன் சப்பாத்தையும் கழற்றியிருக்கிறார். அப்படித்தான் நாங்கள் போய் அவர்களைக் கண்டோம்.

கிறிஸ்ரினா அடுத்த நாளே வந்தாள். "அம்மா, காணும். அப்பாவை ஒரு இல்லத்திலை விடுவம். நீங்களும் விழுந்து சாகப்போறியளோ?" என்று கத்தினாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. கையில் மாவுக்கட்டு. மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது. மதிலில் இருபது மீற்றர் மிச்சம், உள்நிலமும் முடியவில்லை. செப்டெம்பருக்குள் எப்படி?

வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமென்று யோசிக்கிறேன். இதை இடது கையால் எழுதுகிறேன். இடது கைக்கு இதைவிட நல்ல வரி எழுத வரவில்லை.

லவீனா


குருநகர், 2024 மே 10

தங்கச்சிக்கு,

கொடுக்காதே. நான் வாறன்.

உன் கடிதம் வந்த அன்றே மக்டலீனை உன் மகளோடு போனில் கதைக்கச் சொன்னேன். கிறிஸ்ரினா அழைப்புக் கடிதம் அனுப்பினாள். கொழும்புக்குப் போய் விசாவுக்குக் கொடுத்துவிட்டு நேற்றுத்தான் வந்தேன். படிவம் நிரப்பித் தந்த பிள்ளை, "ஐயா, அங்கை போய் என்ன செய்யப்போறியள்?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டியது. "மதில் கட்டப்போறன்" என்றேன். பிள்ளை பதறிப்போய், "ஐயோ, வேலைக்குப் போறன் எண்டு விளங்கிவிடும். தங்கச்சியைப் பார்க்கப் போறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று எழுதியது. சரி, அதுவும் உண்மைதானே.

அறுபத்தொரு வயது வரை நான் ஏறியதில் பெரியது நெடுந்தீவுக்குப் போகிற படகு. ஆகாயக் கப்பலில் காதுக்கு ஏதேனும் நடக்குமென்று பயப்படுத்துகிறார்கள். நடக்க இனி என்ன இருக்கிறது?

விசா கிடைக்குமோ தெரியாது. கிடைக்காவிட்டால் வேறு வழி பார்ப்போம். அதுவரை மதில் வராத பக்கத்துக்குக் கம்பிவலை கட்டு. நீ கல் தூக்காதே.

றோய்


சிசிலி, 2024 ஜூன் 2

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் இரண்டு பேரும் நல்ல சுகமாயிருக்க வேண்டும், முக்கியமாக நீங்கள், ஏனென்றால் வரப்போகிறீர்கள். "கொடுக்காதே" என்ற அந்த ஒரு சொல்லைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வருவதற்கு முதல் ஒன்று சொல்ல வேண்டும். இவர் உங்களை மட்டுக்கட்டாமல் போகலாம். என்னையே சில நாள் "நீங்கள் ஆர் அம்மா?" என்று மரியாதையாகக் கேட்கிறார். "இஞ்சை வேலை செய்யிற ஆள்" என்று சொல்லப் பழகிவிட்டேன். "நல்லாய்ப் பார்க்கிறியள், சம்பளம் ஒழுங்காய்த் தருகினமோ?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தேத்தண்ணி ஊற்றப் போவேன். நீங்கள் இவ்வளவு தூரம் வந்து, கூட்டாளி முகம் தெரியாமல் பார்த்தால் தாங்குவீர்களா? யோசித்துக்கொள்ளுங்கள்.

கம்பிவலை கட்டியாகிவிட்டது. சல்வத்தோரே தினமும் காலையில் வந்து மதிலுக்குக் கல் பொறுக்கிக் குவித்துவிட்டுப் போகிறார். அத்திவாரம் ஒன்றரை அடிதான், அளந்தேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
லவீனா


சிசிலி, 2024 செப்டெம்பர் 26

அன்புள்ள மக்டலீன்,

நான் நல்ல சுகம். உன் முழங்காலைக் கவனி, தண்ணீர் வாளி தூக்காதே. வந்து எட்டுக் கிழமையாகிறது, இன்னும் இரண்டு கிழமையில் உன்னிடம் வந்துவிடுவேன். நடந்ததை வந்து சொல்லலாம்தான், ஆனால் சூடு ஆறுவதற்கு முதல் உனக்கு எழுத வேண்டும்போல இருக்கிறது.

மதில் முடிந்தது. நானும் சல்வத்தோரேயும் கட்டினோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு எந்தப் பாஷையும் கேட்காது, ஆகவே ஒரு சண்டையும் வரவில்லை. தங்கச்சி கட்டுக் கழற்றிய கையோடு உள்நிலத்துக்கு ஓடு பதித்தாள். நான் அதைக் குறை சொல்லவென்றே மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன், மக்டலீன். ஓரிடத்திலும் குறை இல்லை. அவள் பூசிய சுவரைத் தடவிப் பார்த்தேன். நான் பூசியிருந்தால் இப்படி வந்திராது. அதை அவளிடம் சொன்னேன். "சும்மா போங்கோ அண்ணை" என்றாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

கனிசியஸ் என்னை மட்டுக்கட்டவில்லை. ஆனால் தங்கச்சி பயந்த மாதிரி இல்லை. வந்த அன்று என் நரைத்த தலையைப் பார்த்து எழும்பி நின்று, "ஐயா வாங்கோ. றோய் வரேல்லையோ?" என்று கேட்டான். என்னை எங்கள் அப்பா என்று நினைத்துவிட்டான்! அவனுடைய மனதில் றோய்க்கு இருபத்திரண்டு வயது. "பின்னாலை வாறான்" என்றேன். அன்றிலிருந்து நான் ஐயாதான். எனக்குக் கேளாது, அவனுக்கு நினைவு நிற்காது. ஒரே கதையைப் பத்துத் தரம் கதைத்தாலும் இரண்டு பேருக்கும் அலுப்பதில்லை. கதைத்துக் கதைத்து மதிலைச் சுற்றி நடக்கிறான். நடந்து முடிந்தால் வாசல். ஒருநாளும் ஒரு கதவும் பூட்டவில்லை. கிறிஸ்ரினா ஆவணியில் வந்து இரண்டு நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லத்தைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை.

நேற்று ஊர்ச்சபையால் ஒரு பெண் எஞ்சினியர் வந்தா. நீலக் கதவைப் பார்த்தா, மேல் கொண்டியைப் பார்த்தா, கிணற்றைப் பார்த்தா. சுவரைக் காட்டித் தங்கச்சியிடம் ஏதோ கேட்டா. தங்கச்சி தன்னைக் காட்டினாள். அந்தப் பெண் தங்கச்சியின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, கதிரையில் இருந்து கையெழுத்து வைத்தா. வீடு அவர்களுக்குத்தான்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பெண் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் முற்றத்தில் இருந்தோம். தங்கச்சி பாதாம் உடைத்துக்கொண்டிருந்தாள். கனிசியஸ் வீட்டை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தான். பிறகு எனக்குக் கொஞ்சம் கேட்கிற காதுப் பக்கமாக வந்து இருந்து கேட்டான்:

"ஐயா, இந்த வீடு ஆர் கட்டினது?"

"என்ரை மகள். லவீனா."

"எங்கடை லவீனாவோ? தனியவோ?"

"ஓம். கூரை, சுவர், நிலம் எல்லாம் அவள்தான்."

கனிசியஸ் திரும்பவும் கூரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். மறந்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு கதிரையை விட்டு எழும்பி, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, எனக்கு முன்னால் நேராக நின்று உரத்த குரலில் கேட்டான்:

"ஐயா, கோவியாதேங்கோ. என்னட்டை ஒரு வள்ளத்திலை பாதிப் பங்குதான் இருக்கு. வேறை ஒண்டும் இல்லை. ஆனா லவீனாவுக்கு இன்னும் ஒரு இடமும் பேசேல்லை எண்டால், எனக்குத் தருவியளோ?"

 தங்கச்சியைத்தான் பார்த்தேன், மக்டலீன். அவள் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணைத் துடைக்கவில்லை. சிரித்தபடி என் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கும்படி பலமாகச் சொன்னாள்:

"ஓமெண்டு சொல்லுங்கோ."

"ஓம் தம்பி" என்றேன்.

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். பிறகு அவளைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு, மதிலோரமாக விறுவிறென்று நடந்து போய்விட்டான்.

உன்,
றோய்